ஏழாம் மாதம், ஈறில் ஒரு சதை: இப்போதே எடுப்பதா, காத்திருப்பதா?

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி எழுதியிருக்கிறார். தலைப்பிரசவம். இப்போது 27 வாரம். தையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கணவர் சிங்கப்பூரில் வேலை. ஐந்தாம் மாதம் முடிகிற நேரத்தில் மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே, ஈறில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஆறேழு வாரத்தில் அது சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது. ஆனால் தொட்டால் ரத்தம், முறுக்கு கடித்தால் ரத்தம், விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தக்கறை.

பயந்துபோய் ஐந்து வாரமாக பிரஷ்ஷை எடுக்கவே இல்லை. விரலில் பல்பொடி தொட்டுத் தேய்க்கிறார். சீழ்க்கட்டி என்று சொல்லி மருந்துக்கடையில் இரண்டு முறை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு தனியார் பல் மருத்துவமனையில், "உடனே லேசரில் எடுக்கணும், விட்டால் பிரசவத்தில் ஆபத்து" என்று 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி, குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டினால் தானாக உதிர்ந்துவிடும் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பயம்: வெற்றிலை, புகையிலை போட்டுப் போட்டே வாய்ப் புற்றுநோய் வந்து மூன்று வருஷம் முன்பு இறந்துபோன மாமனாருக்கும் "இப்படித்தான் ஈறில் ஆரம்பித்தது" என்று அத்தை அழுகிறாராம்.

அவர் கேட்டிருப்பவை: இது புற்றுநோயா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? மரத்துப்போகிற ஊசி போடலாமா? கணவர் கையெழுத்து இல்லாமல் செய்வார்களா? பிரசவத்தில் முக்கும்போது இது உடைந்துவிடாதா, சிசேரியன்தானா? கடைசி வரியில் சின்னதாக இன்னொன்று: "வளைகாப்பு போட்டோவில் வாயை மூடிக்கொண்டேதான் நிற்கணுமா, டாக்டரம்மா?"

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். கோவைப்பழச் சிவப்பில் பளபளவென்று ஒரு சதை, ஒரு பக்கம் மட்டும் காம்பு மாதிரி ஈறோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. அதன் தலையில் பாலாடை போல வெள்ளையாக ஒரு படலம். மருந்துக்கடைக்காரர் சீழ் என்று நினைத்தது அதைத்தான். அதற்குப் பின்னால், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஓடுகிறது பாருங்கள், என் கண் அங்கேதான் நின்றது. அது காரை, பல்லில் படிந்து கல்லாக இறுகிப்போன அழுக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படத்தை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. ஒரு பல் மருத்துவர் நேரில் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் உங்கள் வயது, மாதம், அது முளைத்த இடம், வளர்ந்த வேகம், வலியில்லாமல் ரத்தம் மட்டும் வருவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு என் சந்தேகம் ஒன்றின் மேல்தான்: பயோஜெனிக் கிரானுலோமா. கர்ப்பிணிகளின் ஈறில் வந்தால் 'பிரெக்னன்சி ட்யூமர்' என்றும் சொல்வார்கள். ட்யூமர் என்ற சொல்லைக் கேட்டதும் பதறாதீர்கள். வைத்தியத்தில் எந்த வீக்கத்துக்கும் அந்தப் பேர் உண்டு. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

பேரே தப்பு

பயோஜெனிக் என்றால் சீழ் உண்டாக்குவது. இதில் சீழே கிடையாது. கிரானுலோமா என்பது ஒரு வகை அழற்சித் திரள். இது அதுவும் கிடையாது. உண்மையில் இது மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொத்துக் கொத்தாக, தேவைக்கு மேல் முளைத்துக்கொண்ட ஒரு சதை. காயம் ஆறும்போது உடம்பு புதுக் குழாய்களை விடுமில்லையா, அந்த வேலை நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. உள்ளே முழுக்க ரத்தக்குழாய், மேலே காகிதம் போல மெல்லிய தோல். முறுக்கு பட்டால் ரத்தம் வராமல் என்ன செய்யும்?

பாட்டியின் குதிரை முடியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, காரணம் இதுதான். 1897-இல் பிரான்சில் பொன்சே, டோர் என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலில் இதை விவரித்து எழுதியபோது, காயடித்த குதிரைகளுக்கு வரும் ஒரு புண்ணைப் போலிருக்கிறது, அதே கிருமிதான் மனிதனுக்கும் வருகிறது என்றே நினைத்தார்கள். 1904-இல் ஹார்ட்ஸெல் என்பவர் இப்போதைய பேரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குதிரையும் தப்பு, சீழும் தப்பு என்று பின்னால் தெரிந்தது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரை நம்பி ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு ஏன் வந்தது? கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மாதத்துக்கு மாதம் ஏறுகின்றன. ஈறில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிந்து, சின்ன உறுத்தலுக்கும் பெரிதாகப் பதில் சொல்ல ஆரம்பிக்கின்றன. அந்த உறுத்தல்தான் நான் சொன்ன மஞ்சள் கோடு. ஹார்மோன் எல்லாக் கர்ப்பிணிக்கும் ஏறுகிறது, சதை எல்லோருக்கும் வருவதில்லை. காரை படிந்த இடம், பல் இடுக்கில் அழுக்கு தங்குகிற இடம், அடைத்த பல்லின் விளிம்பு குத்துகிற இடம் என்று பார்த்துத்தான் முளைக்கும். ஈறு மட்டுமல்ல, விரல் நுனி, உதடு, நாக்கு, மூக்கின் உள்பக்கம் என்று எங்கும் வரலாம்; நடவு வயலில் முள் குத்திய விரலில் இதே சதையோடு ஆண்களும் வருகிறார்கள்.

அதனால் ஐந்து வாரமாகப் பல் துலக்காமல் விட்டது நல்லதற்கு இல்லை. ரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷை விட்டீர்கள். விட்டதால் அழுக்கு சேர்ந்தது. சேர்ந்த அழுக்கு அந்தச் சதைக்குத் தீனி போடுகிறது. இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள். மென்மையான பிரஷ், அந்த இடத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளைகள் பிரஷ். சதையைச் சுற்றிப் போங்கள், மேலே உரச வேண்டாம். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரும். வரட்டும். பல்பொடி நறநறவென்று இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரண பேஸ்ட்டுக்கு மாறுங்கள். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

தலையணைக் கறையைப் பற்றி ஒரு வார்த்தை. அரை ஸ்பூன் ரத்தம் எச்சிலோடு கலந்து ராத்திரி முழுக்க வடிந்தால் உறை முழுக்கச் சிவந்து தெரியும். பார்க்கிறவர்களுக்கு அடி வயிறு கலங்கும். அளவு குறைவுதான்.

ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஹீமோகுளோபின் 9.4 என்று. உங்கள் வீட்டில் எல்லோரும் ஈறைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், நான் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கவலைப்பட்டேன். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. அது இந்தச் சதையால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் ரத்தசோகை இருக்கும்போது சின்ன ரத்தப்போக்கும் உங்களுக்கு வேண்டாத செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? காபியோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். நானும் கும்பகோணத்துக்காரி, காபியை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள், போதும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வையுங்கள்.

அத்தையின் பயம்

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவரை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், சிவப்பாக எதைப் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் மாமனாருக்கு வந்தது மருமகளுக்கு ரத்த வழியில் வர வழியே இல்லை, நீங்கள் வேறு வீட்டுப் பெண். அவருக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் புகையிலை; கூட்டாளி பாக்கு. பாக்கு மட்டும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. நம் காவிரிக் கரைக் கொழுந்து வெற்றிலை பாவம், கூடப் போனவர்களால் கெட்ட பேர் வாங்குகிறது. வளைகாப்புத் தாம்பூலத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் போட வேண்டாம். சுண்ணாம்பு பட்டால் அந்த மெல்லிய தோல் வெந்துவிடும்.

இவ்வளவு தைரியம் சொல்கிற நான், சந்தேகத்தை முழுக்க மூடிவிடவும் மாட்டேன். ஈறில் வரும் புற்றுநோயும் அபூர்வமாக இதே வேஷத்தில் வரும். தொட்டால் கல் மாதிரிக் கெட்டியாக இருப்பது, நடுவில் ஆறாத பள்ளப் புண், பக்கத்துப் பல் காரணமில்லாமல் ஆடுவது, உதடு மரத்துப்போவது, கழுத்தில் நெறி கட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் பிரசவம் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும், கர்ப்பமாக இருந்தாலும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

இப்போதா, பிரசவத்துக்குப் பிறகா?

உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது. என் சாய்வு முதலாவதின் பக்கம்.

முதல் வழி, இப்போது காரையை மட்டும் சுத்தம் செய்துவிட்டுக் காத்திருப்பது. பல் கிளீனிங் கர்ப்பத்தில் தாராளமாகச் செய்யலாம். காரை போனதுமே சதை கொஞ்சம் வற்றி, ரத்தம் வருவது குறைவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். பிரசவம் ஆனதும் ஹார்மோன் சடாரென்று இறங்கும். சில வாரங்களில் நிறையப் பேருக்குத் தானாகச் சுருங்கிவிடும், சிலருக்கு அடையாளமே இருக்காது. இன்னொரு நியாயமும் உண்டு: ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும் வாய்ப்பு அதிகம். 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு மார்கழியில் மறுபடி சுண்டைக்காயைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது வழி, இப்போதே எடுப்பது. கடிக்கும்போது கீழ்ப்பல் அதன் மேல் பட்டுப் பட்டு சாப்பிடவே முடியவில்லை, அழுத்தினாலும் ரத்தம் நிற்க அடம் பிடிக்கிறது, ஹீமோகுளோபின் இன்னும் இறங்குகிறது, இல்லை பார்க்கிற மருத்துவருக்கே நோயில் சந்தேகம் என்றால் எடுப்பதுதான் சரி. அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள். நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை சௌகரியமான காலம். அதற்குப் பிறகு வயிறு பெரிதாகி, பல் நாற்காலியில் மல்லாந்து படுத்தாலே தலை சுற்றும். படுக்கும்போது வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்து, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். பல்லுக்குப் போடுகிற லிக்னோகைன் கர்ப்பத்தில் போடக்கூடியதுதான், குழந்தைக்குக் கெடுதல் செய்யும் அளவுக்குப் போகாது. மரத்த பிறகு கத்தியிலோ, லேசரிலோ, மின்சாரச் சூட்டிலோ அடியோடு எடுத்து, கீழே இருக்கும் காரையையும் சுரண்டிவிடுவார்கள். காரையை விட்டுவிட்டுச் சதையை மட்டும் நறுக்கினால் திரும்ப வரும். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். லேசரில் ரத்தம் குறைவாக வரும், அது உண்மை. லேசர் இல்லாவிட்டால் ஆபத்து என்பது உண்மையில்லை.

அந்த மருத்துவமனையின் பேச்சில் எனக்கு உறுத்தியது தொகை இல்லை. பயாப்ஸி என்ற சொல்லே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எங்கே எடுத்தாலும், எப்போது எடுத்தாலும், எடுத்த சதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். குப்பைக்கூடைக்குப் போகக் கூடாது. நாற்காலியில் உட்காரும் முன்பே, "எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா, ரிப்போர்ட் நகல் என் கையில் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் பல் மருத்துவர் உண்டு. பெரிதாக ஏதும் வேண்டுமென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கையெழுத்து விஷயம் சுலபம். நீங்கள் 26 வயதுப் பெண், உங்கள் வாய்க்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. அவரிடம் போனில் பேசிவிட்டுச் செய்வது உங்கள் குடும்பத்து விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன்.

வேண்டவே வேண்டாம்

குதிரை முடியும் நூலும்: தோலில் இருக்கும் மருவுக்கு நம் ஊரில் கட்டுவார்கள். இது மரு இல்லை, ரத்தக்குழாய்க் கொத்து. சில வருஷம் முன்பு ஐப்பசி மழையில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண்ணை மொபெட்டில் கூட்டிவந்தார்கள். தையல் நூலால் கட்டியிருந்தார்கள். நூல் பாதி அறுத்துப் பாதியில் நின்றுவிட்டது. வாயில் அடக்கியிருந்த துண்டு முழுக்க நனைந்திருந்தது. தையல் போட்டு நிறுத்த முக்கால் மணி நேரம் ஆனது. பாட்டியிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடை மாத்திரை: நீங்கள் அனுப்பிய இரண்டாவது அட்டையில் இருப்பது டாக்ஸிசைக்ளின். கர்ப்பத்தின் பின்பாதியில் அது வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். அந்த வகை மருந்துகள் வயிற்றுப் பிள்ளையின் பற்களில் கறை படியச் செய்யலாம். மூன்று நாள்தான் சாப்பிட்டேன் என்கிறீர்கள். அந்த அளவுக்கு ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை, ஆனால் இன்றோடு நிறுத்திவிட்டு, பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் உங்களுக்கு இப்போது ஆகாது. வலியென்று வந்தால் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால்.

ரத்தம் வந்தால்

வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறிய சுத்தமான வெள்ளைத் துணியையோ மருந்துக்கடைப் பஞ்சுத் துணியையோ நனைத்துப் பிழிந்து, சதையின் மேல் வைத்து விரலால் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு அது. எடுக்கும்போதே உறைந்தது பிய்ந்துகொண்டு வரும். உட்கார்ந்தே இருங்கள், ரத்தத்தை விழுங்காமல் துப்புங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். இரண்டு தடவை பதினைந்து நிமிஷம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால், அல்லது தலை கிறுகிறுத்தால், 108-க்குக் கூப்பிடுங்கள்.

இனி பிரசவம். முக்குவதற்கும் ஈறுக்கும் சம்பந்தம் இல்லை. இந்தச் சதைக்காக யாரும் சிசேரியன் செய்வதில்லை, யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். ஒன்றே ஒன்று: பிரசவ வார்டில் சேரும்போது, "மேல் ஈறில் ரத்தம் வருகிற சதை இருக்கிறது" என்று சொல்லி, தாய் சேய் அட்டையிலும் எழுதி வாங்கிவிடுங்கள். வேறு காரணத்துக்கு முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், மயக்க மருந்து டாக்டர் வாய் வழியாகக் குழாய் விடுவார். அவர் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்வார்.

குழந்தைக்கு இதனால் எதுவும் ஆகாது. இது தொற்று இல்லை. பிறந்ததும் தாராளமாகக் கொஞ்சலாம், பால் கொடுக்கலாம். வளைகாப்பு போட்டோவுக்கும் வாயை மூட வேண்டாம். அன்றைக்கு முறுக்கையும் தட்டையையும் மட்டும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, சாதம் ஐந்து வகையையும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வளர்கிறதா வற்றுகிறதா என்பதை நினைவை விட அந்தப் படங்கள் சரியாகச் சொல்லும். பிரசவம் ஆனதும் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி வரும். அதற்குப் போகிற நாளிலேயே உங்கள் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள். அன்றைக்கும் அது சுருங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால், எடுத்துவிடலாம். பாட்டிலில் போட்டு அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள்.